சொந்தமாகச் செய்த வயர்

தன் கையால் செய்த பொருளில் குறை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது மனிதருக்கு லேசில் வராத காரியம். கடையில் வாங்கிய குடை மடங்காவிட்டால் கடைக்காரரைத் திட்டுகிறோம். நாமே தைத்த சட்டை இறுகினால், உடம்பு வைத்துவிட்டது என்று சாப்பாட்டைக் குறைக்கிறோம். எனக்கு இந்த வியாதி இருபத்துமூன்றாவது வயதில் உச்சத்தில் இருந்தது. அந்த உச்சத்தில்தான் இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அங்கே என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் கூட்டிச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். (கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன். மானம் போனது என்னுடையது. அந்த உரிமைகூட எனக்கு இல்லையா?)

அப்போது நான் பதுளையில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்து முடித்து, கையில் சான்றிதழும் தலையில் கனமுமாக எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பியிருந்தேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். லயத்தில் டோர்ச் லைட் தொடங்கி ரைஸ் குக்கர் வரைக்கும் எது நின்றுபோனாலும் என்னிடம்தான் வரும். பாதிக்குமேல் சரியாகிவிடும். மிச்சத்துக்கு, "இதுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல" என்று ஒரு வசனம் வைத்திருந்தேன். அதை முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னால், கொண்டுவந்தவர் எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

தொழிற்சாலையில் அந்த வருடம்தான் கலர் சோர்ட்டர் என்ற புது மெஷின் வந்திருந்தது. மேலேயிருந்து மூன்று வழியாக விழும் தேயிலைத் தூளை, வழிக்கு ஒன்றாக அதற்குள் இருக்கும் மூன்று கேமராக்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு குச்சியோ நாரோ வந்தால், உஸ்ஸென்று காற்றை ஊதி அதை மட்டும் தள்ளிவிடும். அது நின்றால் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும். ஆள் வருவதற்குள் தூள் மலையாகக் குவிந்துவிடும். அதனால் தோட்டத்திலேயே ஒரு டெக்னீசியனை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். நான் விண்ணப்பித்தேன். கடிதம் வந்தது. செய்முறைப் பரீட்சை உண்டு, தேவையான கருவிகளைக் கொண்டு வரலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் சுற்றினார். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் ஆட்கள் கூடும்போது, தீப்பெட்டி தேடுவது மாதிரி பையில் கையை விட்டுக் கடிதத்தை வெளியே எடுப்பார். அப்பாவுக்குப் பீடி சிகரெட் பழக்கமே கிடையாது.

"கருவிகளைக் கொண்டு வரலாம்" என்ற வரி என் மூளையில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் ஸ்குரூட்ரைவரும் மீற்றரும் கொண்டுபோவார்கள். நான் வேறு மாதிரி போக வேண்டும். ஒஸிலஸ்கோப்புக்கான புரோப் வயரை நானே செய்து கொண்டுபோவது என்று தீர்மானித்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கோப் என்பது ஒரு மெஷினுக்குள் மின்சாரம் எப்படித் துடிக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் கருவி. துடிப்பு இருந்தால் கோடு ஏறி இறங்கும். இல்லாவிட்டால் தட்டையாக நீளும். மெஷினுக்குள் இருப்பதைத் தொட்டு ஸ்கோப்புக்குக் கொண்டுபோகும் வயர்தான் புரோப். அது சாதாரண வயராக இருந்தால் காற்றில் இருக்கிற இரைச்சலையெல்லாம் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிடும். அதனால் கோஆக்சியல் வயரில் செய்ய வேண்டும். டீவி அன்டெனாவிலிருந்து வருமே, தடித்த வயர், அதனுடைய மெலிந்த தம்பி. வெளியே கறுப்புத் தோல், அதற்குள் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பிகளால் பின்னிய வலை, அதற்குள் வெள்ளைப் பிளாஸ்டிக், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரேயொரு கம்பி. சிக்னல் போவது நடுக்கம்பியில். வலை அதைச் சுற்றிக் காவல் நிற்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டுவிட்டால் அந்த வயரைத் துணி காயப்போடத்தான் பாவிக்கலாம்.

பதுளை டவுனில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கார நானாவிடம் போய் இரண்டு மீட்டர் வயரும் ஒரு கனெக்டரும் கேட்டேன்.

"ரெடிமேட் புரோப்பே இருக்கு தங்கச்சி. என்னத்துக்கு மினக்கெடுறீங்க?"

"இல்ல நானா, நானே செய்யணும்."

நானா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐந்து கனெக்டரை எடுத்துவைத்தார்.

"ஒண்ணு போதும் நானா."

"எடுத்துட்டுப் போங்க. மிச்சம் இருந்தா திருப்பித் தாங்க." 

எனக்குக் கோபம் வந்தது. நாலையும் அப்படியே கொண்டுவந்து மேசையில் வைக்கிறேன் பார் என்று மனதுக்குள் சபதம் செய்தேன்.

முதல் கனெக்டர் அன்று பின்னேரமே போனது. வயரின் தோலை பிளேடால் வட்டமாக, மெதுவாக, தோல் மட்டும் அறுபடும்படி கீற வேண்டும். நான் வெண்டிக்காய் நறுக்குகிற மாதிரி கீறினேன். தோலோடு சேர்ந்து வலையும் பாதி அறுந்து வந்துவிட்டது. அதையும் வைத்து ஒப்பேற்றப் பார்த்தபோது கனெக்டரின் மரையே தேய்ந்துபோனது. அடுத்ததில் தோலை அழகாக உரித்தேன், வலையைச் சீப்பால் வாருவதுபோலப் பிரித்துப் பின்னால் மடக்கினேன், வெள்ளைப் பிளாஸ்டிக்கை அளவாக வெட்டினேன், நடுக்கம்பியில் ஊசியை வைத்து ஈயம் பற்றவைத்தேன். எல்லாம் முடிந்தபின் பார்த்தால், முதலிலேயே வயரில் கோர்த்திருக்க வேண்டிய நட்டு மேசையில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கோர்க்க வேண்டுமானால் பற்றவைத்ததை எல்லாம் வெட்டியெறிய வேண்டும். வெட்டியெறிந்தேன். (இந்த நட்டை மறக்காமல் ஒருவர் முதல் கனெக்டரைச் செய்தார் என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம்.) மூன்றாவதில் சூட்டுக்கோலை அதிக நேரம் பிடித்து வெள்ளைப் பிளாஸ்டிக்கை உருக்கிவிட்டேன். வீடு முழுக்க நெடி. அம்மா இருமிக்கொண்டே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன்னுட்டு வீட்டைக் கொளுத்துறியா?"

அன்றைக்கு ரொட்டி சாப்பிடும்போது அப்பா வாயிலிருந்து எதையோ இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது.

"ரொட்டியில முடி கெடக்கு."

"முடி இல்லப்பா. செம்பு" என்றேன்.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மா கோபத்தோடு என் மேசையிலிருந்த சாமான் எல்லாவற்றையும் ஒரு சுளகில் வாரிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார். மிச்ச வேலையை வாசலில் உட்கார்ந்துதான் செய்தேன்.

நாலாவது கனெக்டர் சரியாக வந்தது. உண்மையிலேயே சரியாக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முனையில் பளபளவென்று கனெக்டர், மறுமுனையில் தொட்டுப் பார்க்கும் ஊசியும் முதலைவாய் கிளிப்பும். மீற்றரை வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்துக்கும் தொடர்பு இருந்தால் அது பீ என்று கத்தும். நடுக்கம்பி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது. வலையும் ஓடியது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. படமெடுத்து, என்னோடு படித்தவர்களுக்கு அனுப்பினேன். நாலைந்து பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள்.

அதோடு படுத்திருந்தால் இந்தக் கதை இல்லை.

மறுநாள் விடிய எழுந்து வயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனெக்டரும் வயரும் சேரும் இடம் மொட்டையாக இருந்தது. அந்த இடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ரப்பர் உறை மாட்டினால் கம்பனி சாமான் மாதிரியே இருக்கும். உறையும் கையில் இருந்தது. ஆனால் அதையும் கனெக்டரைப் போடுவதற்கு முன்னால்தான் கோர்க்க வேண்டும். நேரம் ஆறு மணி. எட்டரைக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். கனெக்டரைக் கழற்றினேன், உறையைக் கோர்த்தேன், திரும்பவும் உரித்தேன், வாரினேன், பற்றவைத்தேன், முறுக்கினேன். சிவப்பு உறையை இழுத்து மூடினேன். அவ்வளவு அழகு. மீற்றர் ஏற்கெனவே பைக்குள் அடியில் போயிருந்தது. அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டுமா? நேற்றுத்தான் பார்த்தாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

தொழிற்சாலையில் எனக்கு முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். பண்டாரவளையிலிருந்து வந்தவர், என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு ஸ்குரூட்ரைவரும் ஒரு பழைய மீற்றரும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை நின்றார். சிங்களவர், தோட்டத்திலேயே பழகிய தமிழ் பேசுவார். பக்கத்தில் கையில் குறிப்பெழுதும் கொப்பியோடு டீமேக்கர் ஐயா. தூள் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சோர்ட்டரைத் தினமும் துடைத்து ஓட்டுகிற முத்துலெட்சுமி அக்கா கொஞ்சம் தள்ளி நின்றார். எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளித்தான் அவர் வீடு.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மூன்று வழியில் ஒரு வழியில் மட்டும் குச்சியும் நாரும் அப்படியே தூளோடு விழுந்துகொண்டிருந்தன.

"ஒரு பக்கம் ஊதுதில்லை" என்றார் டீமேக்கர் ஐயா. "என்ன பிழை எண்டு பாத்துச் சொல்லும் பிள்ளை. ஸ்கோப் இதிலை இருக்கு. அதுக்குரிய வயர் இந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு. எடுத்துப் பாவியும்."

இந்த இடத்துக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்.

"வேணாங்கய்யா. நான் சொந்தமா செஞ்ச வயர் இருக்கு."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து அதை எடுத்தேன். எடுத்த விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மாயாஜாலக்காரர் தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுப்பார் இல்லையா, அந்த மாதிரி. தொரை குனிந்து பார்த்தார்.

"நீயே செஞ்சதா? சிவப்பு எல்லாம் போட்டு?"

"ஆமாங்க சேர்."

"நல்லா இருக்கு."

எனக்கு அதுவே நியமனக் கடிதம் கிடைத்த மாதிரி இருந்தது.

வயரை ஸ்கோப்பில் மாட்டி, கிளிப்பை மெஷினின் உடம்பில் கொளுவி, ஊசியால் ஊதாத பக்கத்துக் கேமராவின் சிக்னலைத் தொட்டேன். தட்டைக் கோடு. ஒரு அசைவும் இல்லை.

"கேமரா செத்துருச்சுங்கய்யா" என்றேன்.

டீமேக்கர் ஐயா தலையாட்டிக் கொப்பியில் எழுதினார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பாதி மார்க் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு நல்ல டெக்னீசியன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது கேமராவைத் தொட்டேன். தட்டைக் கோடு. மூன்றாவதைத் தொட்டேன். அதுவும் தட்டை.

"ஐயா, மூணு கேமராவும் செத்துருச்சு."

அவர் பேனாவை நிறுத்தினார். "மூண்டுமோ?"

"மூணுமேங்கய்யா."

"இப்பவும் ரெண்டு ஊதிக்கொண்டுதானே இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உஸ், உஸ்ஸென்று ஊதிக்கொண்டுதான் இருந்தது. எந்த மனிதருக்கும் அந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது விளக்கம்.

"கடைசி நேரத்துல அப்பிடித்தாங்கய்யா, வேலை செய்யற மாதிரி காட்டும்."

டீமேக்கர் ஐயா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

முத்துலெட்சுமி அக்கா தயங்கித் தயங்கி ஒரு அடி முன்னால் வந்தார். "பாப்பா, நீங்க தொடுறப்பதான் அது நிக்குது. கைய எடுத்தா ஓடுது. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

முழு இலங்கையிலும் அன்றைக்கு அந்த மெஷினைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரே சரியான வார்த்தை அது. நான் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தேன். படித்தவர்கள் செய்வார்களே, அந்தப் புன்னகை.

"அது விட்டு விட்டு வர்ற ஃபோல்ட் அக்கா. ஒங்களுக்குப் புரியாது."

அடுத்ததாக மெஷினின் மூளையான கட்டுப்பாட்டு போர்டைத் தொட்டேன். ஸ்கோப்பில் தட்டைக் கோடு. மெஷினின் திரையில் இருந்த எழுத்துகள் அப்படியே உறைந்துபோயின.

"போர்டும் போயிருச்சு சேர்."

"போர்டும் செத்ததா?" தொரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினார். "காலையில நல்லா இருந்ததே. அப்ப நம்ம பெக்டரியில எதுக்குத்தான் உயிரு இருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பிறகு ஸ்கோப்பையே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஸ்கோப்பின் முகப்பில், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சின்ன முனை இருக்கும். அதில் எப்போதும் ஒரு சிக்னல் வந்துகொண்டே இருக்கும். வயரை அதில் வைத்தால் திரையில் பெட்டி பெட்டியாகக் கோடு வர வேண்டும். வைத்தேன். தட்டை. இந்த இடத்தில் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சந்தேக நபர் என் கையில் இருந்த வயர். நான் நிமிர்ந்து, கவலையோடு சொன்னேன்:

"ஐயா, ஒங்க ஸ்கோப்பும் செத்துருச்சு."

டீமேக்கர் ஐயா எழுதவில்லை. கொப்பியை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். பண்டாரவளைக்காரர் கதவோரமாக வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

கடைசியாக மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் பாக்கி இருந்தது. ஊசியால் அதைத் தொட்டேன்.

டப்!

ஒரு நீலப் பொறி. ஊசியின் நுனி கறுத்தது. சோர்ட்டர் நின்றது. அதன் கீழே தூளை வாங்கிக்கொண்டு போகும் பெல்ட்டும் நின்றது. ஆனால் மேலேயிருந்து தூளை இறக்குகிற மெஷினுக்கு வேறு வயரிங். அதற்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. தூள் சலசலவென்று இறங்கியபடியே, நின்றுபோன பெல்ட்டில் குவிந்து, வழிந்து, தொரையின் காலில் இருந்த சப்பாத்து இரண்டையும் மூடியது. யாரோ ஓடிப்போய் மேலே நிறுத்தினார்கள். சலிப்பு மெஷின்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். தேயிலைத் தொழிற்சாலை பகலில் இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

அந்த அமைதியில் என் குரல் ஒலித்தது. இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சாட்சிகள் நிறைய.

"பாத்தீங்களா சேர்? பவர் சப்ளையும் போயிருச்சு."

மேல்மாடிப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அப்பா இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த தூளைப் பார்த்தார், தொரையின் காலைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, கூட்டத் தொடங்கினார். தரையில் விழுந்த தூள் கழிவுத் தூள். அன்றைய நல்ல தூளில் ஒரு பங்கு அப்படிப் போய்விட்டது.

டீமேக்கர் ஐயா என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"பிள்ளை, உம்மட வயர் உயிரோட இருக்கோ எண்டு பாத்தனீரோ?"

பையின் அடியிலிருந்து மீற்றரைத் துழாவி எடுத்தேன். ஒரு முனையை நடுக்கம்பியிலும் மற்றதை வலையிலும் வைத்தேன். கத்தவே கூடாத மீற்றர், பீ என்று நீளமாகக் கத்தியது. அமைதியான தொழிற்சாலையில் அது சங்கு ஊதுவது மாதிரிக் கேட்டது.

சிவப்பு உறையைக் கிழித்து, கனெக்டரைக் கழற்றினேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முத்துலெட்சுமி அக்கா என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். மெஷின் வருவதற்கு முன்னால் வருடக்கணக்காகத் தூளில் குச்சி பொறுக்கிய கண் அது.

"இந்தா இருக்கு பாப்பா. முடி மாதிரி ஒண்ணு."

வலையிலிருந்து விலகிய ஒரேயொரு செம்பு இழை. மற்ற எல்லா இழைகளும் ஒழுங்காகப் பின்னால் மடங்கியிருக்க, இது மட்டும் முன்னால் வளைந்து நடுக்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. நான் தொட்ட இடமெல்லாம் அடங்கிப்போனது இதனால்தான். பவர் சப்ளையில் தொட்டபோது, அதன் மின்சாரம் முழுவதையும் மெஷினின் உடம்புக்கு நேராக இறக்கி வெடிக்க வைத்ததும் இதுதான்.

எனக்கு அப்படியே பஸ் ஏறிப் பதுளைக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அப்பா கூட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்:

"சரி பண்ணத் தெரியுமா?"

"தெரியும்பா."

"அப்ப பண்ணு."

கொழும்புக்குத் தூள் ஏற்றிப்போக லொறி பின்னேரம் வருவதாக இருந்தது. தொரை என்னைப் பார்த்து, "மூணு மணி வரைக்கும் பாரு. முடியாட்டி கொழும்புக்குப் பேசுவேன்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தட்டிக்கொண்டே போனார்.

பவர் சப்ளையைக் கழற்றித் திறந்தேன். உள்ளே ஒரு ஃபியூஸ் கருகியிருந்தது. அது மாற்றிப் போடுகிற வகை இல்லை, போர்டிலேயே ஈயத்தால் ஒட்டியது. அறையின் மூலையில் பழைய போர்டுகள் போட்டுவைத்திருந்த ஒரு பெட்டியைக் கிண்டி அதே அளவு ஃபியூஸ் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதைக் கழற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஈயப் புகை என்று முத்துலெட்சுமி அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் விளக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட போங்க பாப்பா. எனக்குத்தான் புரியாதே" என்றார். சிரிக்காமல் சொன்னார். அதற்குத் தகுதியானவள்தான் நான்.

இரண்டு மணிக்கு மெஷின் எழுந்தது. இந்த முறை பெட்டிக்குள் இருந்த கம்பனி வயரைத்தான் பாவித்தேன். இரண்டாவது கேமரா துடித்தது, மூன்றாவது துடித்தது, போர்டு துடித்தது. ஸ்கோப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஊதாத முதல் கேமராவில் மட்டும் தட்டைக் கோடு. பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். அதன் பிளக் பாதி கழன்று தொங்கியது. விரலால் அழுத்தினேன். க்ளிக். உஸ்ஸென்று ஊதியது.

"அது நாங்கள் காலையிலை கழட்டி வைச்சது" என்றார் டீமேக்கர் ஐயா. "இண்டைக்குச் சோதினையே அதுதான், பிள்ளை."

பண்டாரவளைக்காரர் அதுவரைக்கும் பொறுமையாக வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து நின்றார்.

"எனக்கு ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, உண்மையான கவலையோடு.

அன்றைக்கு நானும் அப்பாவும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். குறுக்குப் பாதையில் அவர் முன்னால் ஏறினார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். கடிதம் இருந்த சட்டைப் பை, பெரட்டில் அவர் நின்ற விதம், எல்லாம் நினைவுக்கு வந்தன. நாளைக் காலையில் அந்த ஆட்களுக்கு நடுவில் எப்படிப் போய் நிற்பார்? தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பாதை வளையும் இடத்தில் அவர் திடீரென்று நின்றார். தோள் குலுங்கியது. அப்பா அழுகிறார் என்று நினைத்தேன்.

"அப்பா..."

அவர் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் வாய் சிரித்தது.

"'கடைசி நேரத்துல வேலை செய்யற மாதிரி காட்டும்'னியாமே..." மூச்சு வாங்கியது அவருக்கு. "முத்துலெட்சுமி சொன்னா. டீமேக்கர் ஐயா அத கொப்பியில வேற எழுதினாராம்ல?"

"எழுதினாருப்பா."

ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் தொற்றிக்கொண்டது. கீழ் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

வேலை பண்டாரவளைக்காரருக்குத்தான் கிடைத்தது. நல்ல மனிதர், நன்றாகவும் செய்கிறார். அவரால் முடியாத போர்டுகளைப் பதுளையில் நான் வைத்திருக்கும் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்புவார். கடை திறந்த முதல் வாரமே போர்டு ஒன்றைக் கொடுத்தனுப்பி எனக்குக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் டீமேக்கர் ஐயா. "இது செத்திட்டுதோ இல்லையோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி அதில் வைத்திருந்தார். இன்றைக்கும் என் புரோப் வயர்களை நானேதான் செய்கிறேன். மீற்றர் வைக்காமல் ஒன்றையும் எடுக்கமாட்டேன்.

ஆனால் பெயர் பெயர்தான். தோட்டத்தில் என்னை "போஸ்ட்மோட்டம் பாப்பா" என்றுதான் சொல்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் எடுத்தார். (அதற்குப் பிறகும் சம்மதித்தவர்தான் என் கணவர். அவர் பொறுமைக்கு வேறு சாட்சி வேண்டாம்.)

போன வருடம் அப்பாவின் அண்ணனுக்கு, அதாவது எங்கள் பெரியப்பாவுக்கு, நெஞ்சில் வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். வார்டில் கட்டிலைச் சுற்றி அம்மா, அப்பா, பெரியம்மா எல்லோரும் முகம் இறுகி நின்றார்கள். பெரியப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கிட்டப் போய் அவர் கையைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏம்மா, நீ தொட்டுப் பாக்காத. இங்க நர்ஸ் மிஸ்ஸு கொப்பியும் கையுமா நிக்கிறாங்க. நீ எதையாச்சும் சொல்ல, அவங்க எழுதிப்புடப் போறாங்க."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். நாலாம் நாள் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போதும் நன்றாக இருக்கிறார். அந்த நாலு நாளும் நான் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.